காட்டில் பதிவான ஊளை யாருடையது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இனம் தெரியாத ஒரு ஊளை ரெக்கார்டரில் பதிவாகியிருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

மூலக் கோப்பை அப்படியே ஓரிடத்தில் சேமித்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். இரைச்சலை நீக்குவது, ஒலியைக் கூட்டுவது எல்லாம் பிறகு. அடுத்ததாக, நினைவு மங்குவதற்குள் சூழலை எழுதி வையுங்கள்: தேதி, மணி, இடம், மைக் தரையிலிருந்து எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் பார்த்திருந்தது, காற்று, மழை, பக்கத்தில் நீர்நிலை உண்டா, மிக அருகிலுள்ள வீடு எவ்வளவு தூரம், ஒலி எத்தனை முறை வந்தது, இடைவெளி எவ்வளவு.

ஊளை வந்த ஆறு விநாடியை மட்டும் வெட்டி எடுத்து "இது என்ன?" என்று கேட்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. விடை பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு நிமிடத்தில் கிடக்கும். அலறலுக்குச் சற்று முன் மெல்லிய "ஹூ" கேட்டால் அது ஆந்தையின் வேலையாக இருக்கலாம். அலறல் முடிந்ததும் தொலைவில் நாய்கள் குரைத்தால் சத்தம் நிஜமாகவே வெளியில் எழுந்தது, கருவியின் கோளாறு அல்ல. தவளைகள் சட்டென்று அடங்கியிருந்தால் ஏதோ ஒன்று அருகில் வந்திருக்கிறது என்று பொருள்.

குறிப்பில் "ஊளை" என்று எழுதினால் போதாதா?

போதாது. நம் மொழியில் வினைச்சொல்லிலேயே விலங்கு ஒளிந்திருக்கிறது. நரி ஊளையிடும், ஆந்தை அலறும், யானை பிளிறும், மயில் அகவும். "ஊளை" என்று எழுதிய கணமே மனம் நரிக்கும் ஓநாய்க்கும் போய்விடுகிறது. அதன்பின் வரும் ஆதாரத்தையெல்லாம் அதற்கேற்ப வளைக்கத் தொடங்குவோம். ஒலியின் வடிவத்தை எழுதுங்கள்: "தாழ்ந்து தொடங்கியது, அரை விநாடியில் ஏறியது, நாலு விநாடி ஒரே சுருதியில் நின்றது, கடைசியில் சரிந்தது, கரகரப்பு இல்லை, பத்து விநாடி கழித்து மறுபடி." இப்படி எழுதிய குறிப்பை, ஒலியைக் கேட்காத ஒருவர்கூடப் பயன்படுத்த முடியும்.

ஃபோனில் எடுத்த பதிவு உதவுமா?

உதவும். ஆனால் ஃபோன் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. தொலைவில் சீராக ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்று கருதி அமுக்கும். ஓநாயின் நீண்ட ஊளை இதில் முதலில் பலியாகும். தானாக ஒலி அளவைச் சரிசெய்யும் வசதி வேறு, அமைதியில் இரைச்சலைத் தூக்கிவிடும், ஊளை வந்ததும் இறக்கிவிடும். ஒலி ஏறி இறங்கிய விதமே அழிந்துபோகும். இரைச்சல் நீக்கத்தை அணைக்க முடிகிற, வேவ் (ஒலியைச் சுருக்காத WAV) கோப்பாகச் சேமிக்கிற செயலியைப் பயன்படுத்துங்கள்.

பதிவை மெசேஜிங் செயலியில் குரல் செய்தியாக அனுப்பாதீர்கள். அது மறுபடி சுருக்கப்பட்டு, மேல் அதிர்வெண்கள் வெட்டப்பட்டுப் போகும். கோப்பாக இணைத்து அனுப்புங்கள். ஸ்பீக்கரில் ஓடவிட்டு இன்னொரு ஃபோனில் பிடித்து அனுப்பும் பதிவுகளும் வருகின்றன. அவற்றில் அந்த அறையின் எதிரொலிதான் அதிகம் கேட்கிறது.

இரவு முழுக்க ரெக்கார்டர் வைப்பதென்றால் என்ன அமைப்பு?

48,000 ஹெர்ட்ஸ் மாதிரி வீதம், 16 பிட், ஒற்றைத் தடம், வேவ். இதில் 24,000 ஹெர்ட்ஸ் வரை பதிவாகும். ஊளைக்கு இவ்வளவு தேவையில்லைதான், ஆனால் பின்னணியில் உள்ள பூச்சிகளும் பறவைகளும் சாட்சிகள். அவற்றை இழக்கக் கூடாது. இந்த அமைப்பில் மணிக்குச் சுமார் 346 மெகாபைட் ஆகும். எட்டு மணி நேர இரவுக்கு 2.8 ஜிகாபைட். 32 ஜிகாபைட் கார்டில் பத்துப் பதினோரு இரவுகள் அடங்கும். பெரும்பாலும் அதற்கு முன்பே பேட்டரி தீர்ந்துவிடும். ஆடியோமாத் போன்ற சிறு கருவிகளில் மணி நேர அட்டவணை போடலாம்: சூரியன் மறைந்தபின் மூன்று மணி நேரம், விடிவதற்கு முன் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் பேட்டரி ஒன்றரை மடங்கு நாள் தாங்கும், ஊளைகளில் பெரும்பகுதியும் சிக்கும்.

கருவியை ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் கட்டுங்கள். அடிமரம் பருத்த மரம் வேண்டாம். மரமே பின்பக்க ஒலியை மறைத்துவிடும். மணிக்கட்டு அளவுக் கம்பு போதும். சுற்றிலும் ஒரு மீட்டருக்கு இலை உரசக் கூடாது. ஓடைக்கு அருகில் வைத்தால் தண்ணீர்ச் சத்தம் மற்றதையெல்லாம் விழுங்கிவிடும்.

காற்றுக்கு நுரை உறை ஓரளவு உதவும், ரோம உறை நன்றாக உதவும். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுகிறார்கள். அந்தப் பை ஒவ்வொரு காற்றுக்கும் படபடக்கும், மேல் அதிர்வெண்களையும் தின்னும். ஒலி அளவை நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள். குறைவாகப் பதிவானதைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். உச்சம் வெட்டுப்பட்ட பதிவை மீட்க வழியில்லை. வெட்டுப்பட்ட ஒலியில், விலங்கு எழுப்பாத கூடுதல் அதிர்வெண்கள் முளைத்து, சாதாரணக் குரைப்பும் பூதம் போல ஒலிக்கும்.

ஸ்பெக்ட்ரோகிராமில் எதைப் பார்ப்பது?

காதை நம்பி ஏமாறுவதைத் தடுப்பது இந்தப் படம்தான். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண், நிறத்தின் அழுத்தம் ஒலியின் வலு. ஆடாசிட்டி, ராவன் லைட், சோனிக் விஷுவலைசர் மூன்றும் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன, எதிலும் பார்க்கலாம்.

ஊளைக்கு அதிகபட்ச அதிர்வெண்ணை 4,000 ஹெர்ட்ஸாக வையுங்கள். இல்லையென்றால் ஊளை படத்தின் அடியில் ஒரு கீற்றாக ஒட்டிக்கிடக்கும். சாளர அளவு, அதாவது ஒரு தடவையில் சேர்த்துக் கணக்கிடும் மாதிரிகளின் எண்ணிக்கை, 4096. 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் இது ஒவ்வொரு வரியையும் சுமார் 12 ஹெர்ட்ஸ் நுணுக்கத்தில் காட்டும். ஆனால் நேரத்தில் 85 மில்லிவிநாடி மங்கும். குரைப்பு போன்ற வெட்டொலிகளுக்கு 1024-க்கு மாற்றுங்கள்: நேரம் தெளிவாகும், அதிர்வெண் மங்கும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. அதனால் ஒரே ஒலியை இரண்டு அளவிலும் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

குரல்வளையிலிருந்து வரும் தெளிவான ஊளை ஏணி போலத் தெரியும். அடிக்கோடு 420 ஹெர்ட்ஸில் இருந்தால் அடுத்தவை 840, 1,260, 1,680 என்று சம இடைவெளியில் அடுக்கியிருக்கும். அடிக்கோடு வளைந்தால் எல்லாம் சேர்ந்து வளையும். மேலே போகப்போக வளைவு பெரிதாகும்.

ஒரு பொறி இங்கே உண்டு. காற்றிரைச்சலோ வடிகட்டியோ 420-ஐ மறைத்துவிட்டால், கண்ணுக்குத் தெரியும் கீழ்க்கோடு 840 ஆகிவிடும். அவசரக்காரர் "சுருதி 840, ஓநாய்க்கு இது மிக அதிகம்" என்று எழுதிவிடுவார். எனவே அடிக்கோட்டை அல்ல, இடைவெளியை அளந்து பாருங்கள். 840-க்கும் 1,260-க்கும் இடையில் 420 இருக்கிறது. உண்மையான சுருதி அதுதான்.

ஒரு விலங்கா, கூட்டமா?

ஒரு தொண்டையின் ஏணியில் படிகள் ஒன்றையொன்று வெட்டாது. ஒரு கோடு ஏறும்போது இன்னொன்று இறங்கி அதைக் குறுக்கே கடந்தால் அங்கே குறைந்தது இரண்டு குரல்கள். ஒரு கணத்தில் எத்தனை தனித்தனி ஏணிகள் தெரிகின்றனவோ, அதுதான் உறுதியாகச் சொல்லக்கூடிய குறைந்தபட்ச எண்ணிக்கை. அதற்கு மேல் ஊகிக்காதீர்கள். இரண்டு கொயோட்டிகள் (ஓநாயைவிடச் சிறிய வட அமெரிக்க நாய்க்குடும்ப விலங்கு) வேகமாகச் சுருதி மாற்றிக் கத்தினால், மரங்களிலும் பாறைகளிலும் பட்டுத் திரும்பும் ஒலியும் சேர்ந்து ஏழெட்டு விலங்குகள் போலக் கேட்கும்.

எதிரொலியையும் கழிக்க வேண்டும். அது முதல் ஊளையின் அச்சு நகல். மங்கலாக, எப்போதும் ஒரே தாமதத்தில் வரும். ஒரு விநாடித் தாமதமென்றால், ஒலி திரும்பி வந்த வழி நேர்வழியைவிடச் சுமார் 340 மீட்டர் நீளம். மற்றொரு விலங்கின் பதில் அப்படி ஒரே கணக்கில் வராது.

ஓநாய், கொயோட்டி, குள்ளநரி, நாய்: எப்படிப் பிரிப்பது?

ஓநாயின் ஊளை தாழ்ந்தது, நீளமானது, அவசரமில்லாதது. அடிப்படைச் சுருதி ஏறத்தாழ 150 முதல் 780 ஹெர்ட்ஸ், நீளம் அரை விநாடி முதல் 11 விநாடி வரை. சீக்கிரம் ஏறி, நெடுநேரம் நின்று, மெல்லச் சரியும். காட்டில் 10 கிலோமீட்டர், மரமற்ற வெளியில் 16 கிலோமீட்டர் வரைகூடக் கேட்கும்.

கொயோட்டியின் குரல் உயர்ந்தது; குரைப்பும் கீச்சும் ஊளையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து வரும். ஒரே சுருதியில் அது பொறுமையாக நிற்பது அரிது. பொன்னிறக் குள்ளநரியில் பெரும்பாலும் ஒன்று தனியாக ஏறுமுகமாகத் தொடங்கும், பிறகு மற்றவை சேர்ந்துகொள்ளும், முடிவில் கீச்சுக்கூச்சல். அந்தி சாய்ந்ததும் இது அதிகம். செந்நாய் இந்தப் பட்டியலில் இல்லாததற்குக் காரணம், அது ஊளையைவிட விசிலுக்குப் பேர்போனது. கூட்டத்தைச் சேர்க்க சீட்டியடிப்பது போன்ற ஒலி எழுப்பும்.

சிக்கல் நாயிடம்தான். சிறியதிலிருந்து பெரியது வரை எல்லா உடல் அளவிலும் நாய்கள் இருப்பதால் சுருதியை வைத்து நாயை விலக்கவே முடியாது. குரைப்பு இடையிடையே வருகிறதா, நீண்ட நேரம் ஒரே இடத்திலிருந்து வருகிறதா, சைரன் கேட்டபின் தொடங்கியதா, ஆள் குடியிருப்பு இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். விடை "ஆம்" என்று வந்துகொண்டே போனால், ஏமாற்றமாக இருந்தாலும் நாய் என்றே எழுதுங்கள்.

2016-இல் ஆரிக் கெர்ஷன்பாம் தலைமையிலான குழு நாய்க்குடும்ப விலங்குகளின் 2,000-க்கு மேற்பட்ட ஊளைகளைக் கணினியில் ஒப்பிட்டு, அவற்றை 21 வகைகளாகப் பிரித்தது. எந்த இனம் எந்த வகையை எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. ஆக, ஒரே ஒரு ஊளையை வைத்து இனம் சொல்வது ஒரே ஒரு சொல்லைக் கேட்டுப் பேசுபவரின் ஊரைச் சொல்வது மாதிரி. பத்து ஊளை கிடைத்தால் நிலைமையே வேறு.

பெண் அலறியது போல் இருந்தது. விலங்காக இருக்குமா?

முதலில் ஒன்று: நேரில் கேட்கும்போது மனிதர் ஆபத்தில் இருக்கலாம் என்ற ஐயம் துளி இருந்தாலும், ஆராய்ச்சியை விட்டு அவசர உதவிக்குத் தகவல் சொல்லுங்கள்.

பதிவை வைத்துப் பார்ப்பதானால், முதல் சந்தேகம் செந்நரி மீது. வடக்கு அரைக்கோளத்தில் குளிர்கால இணைசேரும் பருவத்தில், ஒன்றிரண்டு விநாடி நீளத்தில், கரகரத்த அலறலை விட்டுவிட்டு எழுப்பும். நடந்துகொண்டே கத்துவதால் ஒவ்வொரு முறையும் வேறிடத்திலிருந்து வருவது போலிருக்கும். ஸ்பெக்ட்ரோகிராமில் ஏணிக்குப் பதில் பூசி மெழுகிய பட்டை தெரியும்.

கூகையின் அலறலில் ஏணியே இருக்காது. அகன்ற சீறல் மட்டும். பறந்தபடி கத்துவதால் சில விநாடிகளில் ஒலி நெருங்கி விலகும், காலடி ஓசையே இருக்காது. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பெரிய பூனையான பூமாவின் பெண் இணை தேடும்போது எழுப்பும் கத்தல், லிங்க்ஸ் பூனைகள் எதிரெதிரே நின்று நீட்டி முழக்கும் ஓலம், மயிலின் தெளிவான அகவல் ஆகியவையும் இந்தப் புகாருக்குக் காரணமாகின்றன. மயிலை எளிதில் விலக்கலாம்: சுத்தமான கோடுகள், திரும்பத் திரும்ப அதே வடிவம்.

நாய்க்குடும்பத்தில் சேராத "ஊளை"கள் எவை?

நிறைய உண்டு. வட அமெரிக்க ஏரிகளில் லூன் என்ற நீர்ப்பறவையின் ஓலத்தை ஓநாய் என்று எண்ணாதவர் குறைவு. நீர்நிலை பக்கத்திலிருந்தால் இதை முதலில் விலக்குங்கள். வாபிட்டி மான் ஆண்கள் இலையுதிர்காலத்தில் எழுப்பும் முழக்கம் கூர்மையான விசில் போல மேலே ஏறும். அவ்வளவு பெரிய உடலிலிருந்து அந்தக் குரலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. புள்ளிக் கழுதைப்புலியின் கூப்பாடு தாழ்ந்து தொடங்கி முடிவில் சட்டென்று மேலே வெட்டும், அடுத்தடுத்துப் பலமுறை வரும். ஹௌலர் குரங்கின் முழக்கம் விடியலில் சில கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும்.

உடல் அளவை வைத்துக் குரலை ஊகிப்பவர்களுக்கு, ஆஸ்திரேலிய மரங்களில் வாழும் சிறு விலங்கான ஆண் கோலா நல்ல பாடம். அதன் முழக்கத்தின் அடிப்படைச் சுருதி 27 ஹெர்ட்ஸ் அளவுக்குத் தாழும். யானை அளவு விலங்குக்குப் பொருந்துகிற சுருதி. வழக்கமான குரல்வளை மடிப்புகளுக்கு வெளியே இன்னொரு ஜோடி பெரிய மடிப்புகள் அதற்கு இருப்பது 2013-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது.

விலங்கே இல்லையென்று எப்படித் தெரியும்?

ஒரு சுழற்சியை அடுத்ததன் மேல் வைத்து ஒப்பிடுங்கள். நீளமும் வளைவும் விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள் பொருந்தினால் அது இயந்திரம், பெரும்பாலும் சைரன். எந்த விலங்கும் தன் குரலை அச்சடித்தாற்போல் திருப்பாது. ரயில் ஹாரனில் பல சுருதிகள் ஒரே கணத்தில் தொடங்கி அசையாமல் நின்று ஒரே கணத்தில் முடியும். அவற்றின் இடைவெளி பொதுவாக ஏணிக் கணக்கில் அடங்காது. உரசும் கிளைகளின் முனகல் நம்பவைக்கும் அளவுக்கு உயிருள்ளது போல் கேட்கும். ஒவ்வொரு முனகலுக்கும் சற்று முன் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே காற்றிரைச்சல் பெருகுகிறதா பாருங்கள்.

1997-இல் பசிபிக்கில் நீரடி மைக்குகளில் பதிவான "புளூப்" ஒலியை ராட்சத விலங்கு என்று பலர் கொண்டாடினார்கள். பனிப்பாறை விரிசல்தான் அது என்ற முடிவுக்குப் பிற்பாடு வந்தார்கள்.

இணையத்தில் கிடைத்த பதிவென்றால் பின்னணிப் பூச்சிகளைக் கவனியுங்கள். வயல் சிள்வண்டுகளின் கோடு வழக்கமாக 4,000–5,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அது 2,000 ஹெர்ட்ஸில் சோம்பலாக இழுத்துக்கொண்டிருந்தால், யாரோ கோப்பை பாதி வேகத்துக்கு இறக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

எவ்வளவு தூரத்திலிருந்து வந்தது?

ஒரே மைக்கில் ஒலி அளவை வைத்துச் சொல்ல முடியாது. அருகில் மெல்லக் கத்தியதும் தொலைவில் உரக்கக் கத்தியதும் ஒரே அளவாகப் பதிவாகும். ஒரு தடயம் மட்டும் உண்டு: காற்று மேல் அதிர்வெண்களை முதலில் உறிஞ்சுகிறது. 20 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்தில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி கிலோமீட்டருக்கு 5 டெசிபல் இழக்கும். 8,000 ஹெர்ட்ஸ் சுமார் 77 டெசிபல் இழக்கும். இது தூரத்தால் ஒலி பரவித் தேய்வதற்கு மேல். ஏணியில் எட்டுப் பத்துப் படிகள் பளிச்சென்று தெரிந்தால் விலங்கு அருகில். இரண்டே படி மிஞ்சினால் தொலைவில். தெளிந்த இரவில் தரையை ஒட்டிய குளிர்காற்று ஒலியைக் கீழ்நோக்கி வளைப்பதால், பகலில் கேட்காதது இரவில் தெளிவாகக் கேட்கும். அதனால் "மிக அருகில்" என்று தோன்றுவதைப் பாதியாவது சந்தேகிக்க வேண்டும்.

திசை வேண்டுமென்றால் இரண்டு கருவிகளை 100 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஒலி விநாடிக்கு 343 மீட்டர் செல்கிறது. ஒரே ஊளை ஒன்றில் 0.1 விநாடி முந்தி விழுந்தால் பாதை வேறுபாடு 34 மீட்டர். இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தான திசையிலிருந்து சுமார் 20 டிகிரி, முந்திக் கேட்ட கருவியின் பக்கமாகச் சாய்வு. முன்னாலா பின்னாலா என்று இரண்டு கருவியால் சொல்ல முடியாது. மூன்றாவது, அதே கோட்டில் இல்லாமல் விலகி, வேண்டும். பெரும்பாலோர் தோற்பது கடிகாரத்தில். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிழையுள்ள சாதாரணக் கடிகாரம் ஒரு நாளில் 1.7 விநாடி விலகும். தூரக் கணக்கில் அது 590 மீட்டர் பிழை. ஜிபிஎஸ் நேரம் இல்லையென்றால், தொடக்கத்திலும் முடிவிலும் கருவிகளை அருகருகே வைத்து ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பதிவு செய்யுங்கள். அந்தத் தட்டலை வைத்து நேரத்தைச் சரிசெய்யலாம்.

செயலி "90 சதவீதம்" என்கிறதே, நம்பலாமா?

ஒலியை வைத்து இனத்தின் பெயர் சொல்லும் செயலியான பேர்ட்நெட் முதன்மையாகப் பறவைகளுக்காகச் செய்யப்பட்டது. ஒலியை மூன்று விநாடித் துண்டுகளாக வெட்டித்தான் பார்க்கிறது. எட்டு விநாடி ஊளை அதற்கு மூன்று துண்டுச் செய்தி. தவிர, செயலி தரும் மதிப்பெண் உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு அல்ல. தனக்குத் தெரிந்த பெயர்களில் எது கிட்ட வருகிறது என்பதன் அளவு. தெரியாத விலங்குக்கும் தெரிந்த பெயரைத்தான் சூட்டும். ஆயிரம் மணி நேரப் பதிவில் எங்கே கேட்பது என்று தேட அது அருமையான கருவி. பெயர் வைக்கும் வேலை உங்களுடையது.

ஒப்பிட, இணையத்தில் உள்ள ஒலித் தொகுப்புகளான மெக்காலே நூலகத்தின் ஒலிகளும், பறவைகளுக்கு சீனோ-கான்டோவும் உதவும். ஒரு இனத்தின் ஒரே ஒரு பதிவைக் கேட்டுவிட்டுத் தீர்மானிக்காதீர்கள். குட்டி, சண்டை, இணைசேர்க்கை, எச்சரிக்கை என்று குறைந்தது பத்தாவது கேளுங்கள். "மர்ம" ஒலிகளில் பெரும்பாலானவை சாதாரண விலங்கின் அசாதாரணக் குரல்.

பதிலுக்கு ஊளையை ஒலிபரப்பிப் பார்க்கலாமா?

வேண்டாம். அந்நியன் தன் எல்லைக்குள் வந்துவிட்டதாக விலங்கு எடுத்துக்கொள்ளும். குட்டிகளை விட்டு வரலாம், இடம்பெயரலாம், உங்களை நோக்கியும் வரலாம். பல காப்புப் பகுதிகளில் இதற்கு முன் அனுமதி தேவை.

எல்லாம் பார்த்தும் தெரியவில்லை. பதிவில் என்ன பெயர் எழுதுவது?

எந்தப் படிவரை உறுதியோ, அந்தப் படியில் நில்லுங்கள். "நாய்க்குடும்பம், குறைந்தது இரண்டு, நாய் விலக்கப்படவில்லை" என்பது முழுமையான விடை, "ஓநாய்?" என்பதைவிடப் பயனுள்ளது. எதை எதை எந்தக் காரணத்தால் விலக்கினீர்கள் என்பதையும் ஒவ்வொரு வரியில் சேர்த்து, வெட்டாத மூலக் கோப்போடு வையுங்கள். பிறகு அதே இடத்தில், அதே மணிக்கு, ஒரு வாரம் கருவியை மறுபடி வையுங்கள். கூடவே நூறு மீட்டருக்குள் ஒரு தானியங்கிக் கேமராவையும் கட்டிவிடுங்கள்.